நிற்பதற்கென்று ஒரு திண்ணை

ஒரு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் கருவிகளுக்கு ஆப் எழுதுகிறவர்களின் கன்சோலில் ஓடுகிற எச்சரிக்கை வரி அது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: இன்ன முகவரியில் இருக்கிற, இன்ன வகையைச் சேர்ந்த ஆப்ஜெக்ட், பூல் இல்லாத இடத்தில் ஆட்டோரிலீஸ் செய்யப்பட்டது, சும்மா கசிகிறது, தேட வேண்டுமானால் 'ஆட்டோரிலீஸ் நோ பூல்' என்ற ஃபங்ஷனில் நிறுத்து.

பள்ளிக்கூடத்தில் 'நயம் பாராட்டுக' என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். பாட்டைக் கொடுத்து எதுகை, மோனை, முரண் என்று எழுதச் சொல்வார்கள். அன்று மதிப்பெண்ணுக்காக எழுதினேன். இந்த எச்சரிக்கை வரிக்கு மனதார எழுதத் தோன்றுகிறது. ஏனென்றால் ஒரு நல்ல வைத்தியர் பேசுகிற மாதிரி அது பேசுகிறது. என்ன நடந்தது என்று சொல்கிறது. அதனால் என்ன ஆகும் என்று சொல்கிறது. பிறகு, எங்கே போய் நின்றால் காரணம் கண்ணில் படும் என்று இடத்தைக் காட்டுகிறது. 'சும்மா கசிகிறது' என்னும் அந்தச் 'சும்மா'வை மட்டும் தனியாக ரசிக்கலாம். குடி முழுகிவிட்டது என்று அது அலறவில்லை. ஆப் நிற்கப்போவதில்லை, திரை உறையப்போவதில்லை. சொட்டுச் சொட்டாக மெமரி போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளதை உள்ள அளவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இதன் பழைய வடிவத்தில் கடைசிப் பகுதி கிடையாது. ஃபங்ஷனின் பெயர் வரியின் தொடக்கத்தில், பேசுகிறவர் பெயர் மாதிரி நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து அங்கே பிரேக்பாயின்ட் வைத்துக்கொள்வார்கள், தெரியாதவர்கள் விழிப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து, 'அங்கே நிறுத்து' என்பதை வரிக்குள்ளேயே வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டிய ஆள்.

நான் வேலை செய்வது எட்டயபுரத்தில், வீட்டு மாடியில் ஓர் அறையில். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு தெரியும். கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக 2010 வாக்கில் எழுதப்பட்ட ஒரு மேக் ஆப்பை நான் பராமரித்து வருகிறேன். சங்கீதம் படிப்பவர்களுக்கானது. கச்சேரிப் பதிவைப் போட்டு, ஒரு சங்கதியை மட்டும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்பக் கேட்டுச் சாதகம் செய்யலாம். நல்ல ஆப். ஆனால் நேரம் ஆக ஆக அது மெமரியைத் தின்றுகொண்டே போனது. 90 எம்பியில் தொடங்கும். இரண்டு மணி நேரக் கச்சேரி மங்களத்துக்கு வரும்போது 1 ஜிபியைத் தாண்டியிருக்கும். எச்சரிக்கை எதுவும் இல்லை, க்ராஷ் இல்லை. மாணவர்களின் பழைய மடிக்கணினிகள் மட்டும் மூச்சு வாங்கின.

இங்கே கொஞ்சம் கணக்கு வழக்கு சொல்ல வேண்டும். ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு: அதை இப்போது எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. பிடித்தால் ரீடெயின், ஒன்று கூடும். விட்டால் ரிலீஸ், ஒன்று குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் ஆப்ஜெக்ட் கலைக்கப்பட்டு, அது இருந்த மெமரி வேறு வேலைக்குப் போகும். இப்படி எண்ணி வைப்பது பழைய உத்தி; 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. 2011இல் ஆப்பிள் இந்தக் கூட்டல் கழித்தலைக் கம்பைலரின் பொறுப்பில் விட்டது. அதற்கு முன்பு எழுதப்பட்ட ஆப்களில் ஒவ்வொரு ரீடெயினும் ஒவ்வொரு ரிலீஸும் மனிதக் கையால் எழுதியவை. நான் பராமரிப்பதும் அந்தக் காலத்துச் சரக்கு.

இந்தக் கணக்கில் ஓர் இக்கட்டு உண்டு. ஒரு ஃபங்ஷன் புதிதாக ஓர் ஆப்ஜெக்டைச் செய்து இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன்பே தன் பிடியை விட்டால், கைமாறுவதற்குள் அது செத்துப்போகும். விடாமலே போனால் யாரும் விடப்போவதில்லை, கசியும். ஆட்டோரிலீஸ் என்பது இதற்கு வந்த தீர்வு: இப்போது விடவில்லை, சற்றுப் பொறுத்து விட்டுவிடுகிறேன் என்று ஒரு பட்டியலில் எழுதிவைப்பது. அந்தப் பட்டியலுக்குத்தான் பூல் என்று பெயர். பயனர் ஒரு பொத்தானை அழுத்தினார், வேலை முடிந்தது, உடனே பூல் வடிக்கப்படும். அதில் எழுதியிருந்த அத்தனைக்கும் ஒவ்வொரு ரிலீஸ் போகும். கைமாற்றி வாங்கியவருக்கு வேண்டுமென்றால் அதற்குள் தானே ஒரு ரீடெயின் செய்துகொண்டிருப்பார். மிகவும் நாகரிகமான ஏற்பாடு.

ஓர் ஆப்புக்குள் பல வேலைகள் இணையாக ஓடும்; அப்படி ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் த்ரெட் என்று பெயர். பயனரைப் பார்த்துக்கொள்கிற முதன்மை த்ரெடில் இதை எல்லாம் ஆப்பிளின் சட்டகமே செய்துவிடும். பக்கத்தில் நாமே ஓட்டுகிற த்ரெடில் பூலை நாம்தான் வைக்க வேண்டும். என் ஆப்பில் ஒலியைத் துண்டு துண்டாகக் கொடுப்பது சி மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய லைப்ரரி. அது தனக்கென்று ஒரு த்ரெட் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஆப்ஜெக்டிவ்-சி பக்கம் வந்து தட்டும். அதற்கு பூல் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

அப்படியானால் எச்சரிக்கை ஏன் வரவில்லை? காரணத்திலும் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. ஆப் ஓடும்போது இந்த மொழிக்கான வேலைகளைப் பின்னணியில் பார்த்துக்கொள்கிற நிரலுக்கு ரன்டைம் என்று பெயர். பிந்தைய ரன்டைம்கள், பூல் இல்லாத த்ரெடில் யாராவது ஆட்டோரிலீஸ் செய்தால், சத்தமில்லாமல் தாங்களே ஒரு பூலை விரித்துக்கொள்கின்றன. த்ரெட் முடியும்போது வடித்துவிடுகின்றன. சின்ன வேலைக்காகப் பிறந்து மடிகிற த்ரெடுக்கு இது போதும். என் ஒலி த்ரெடோ ஆப்பை மூடும்வரை சாகாது. வடிக்கிற நேரம் வரவே வராத பூலில் நொடிக்கு 40 துண்டு விழுந்துகொண்டிருந்தது, துண்டுக்கு 4 கேபி. இரண்டு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், அந்த 1 ஜிபி வந்துவிடும்.

பூல் இல்லாவிட்டால் வாய் திறந்து சொல் என்று ரன்டைமுக்குக் கட்டளையிட ஒரு சூழல் மாறி இருக்கிறது. மேலே சொன்ன வரி அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பிக்கும். ஆப்பை ஓட்டும்போது அதை 'யெஸ்' என்று வைத்தேன். கன்சோல் மழை பெய்த மாதிரி நிரம்பியது. ஒரே வரி, முகவரி மட்டும் மாறி மாறி.

அது சொன்ன இடத்தில் பிரேக்பாயின்ட் வைத்தேன். ஆப் நின்றது. இங்கேதான் நான் நிதானமாக உட்கார ஆசைப்படுகிற இடம் வருகிறது.

ஆப்பிள் தன் ஆப்ஜெக்டிவ்-சி ரன்டைமின் மூலநிரலை வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த 'ஆட்டோரிலீஸ் நோ பூல்' ஃபங்ஷனைத் தேடிப் போய்ப் பார்த்தால், உள்ளே ஒன்றும் இல்லை. வெற்று ஃபங்ஷன். அதை நான் திரையில் திறந்து வைத்திருந்தபோது, கோவில்பட்டியில் இன்ஜினியரிங் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் வந்தான்.

"அண்ணே, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லியே?"

"ஒண்ணும் இல்லடே. இல்லாம இருக்கணும்னே எழுதிருக்காங்க."

"பெறகு எதுக்கு அதைக் கூப்பிடுதாங்க?"

"நீ வந்து நிக்கதுக்கு."

அவன் சிரித்தான், ஆனால் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பிரேக்பாயின்ட் என்றால் டிபக்கர் என்ன செய்கிறது? நிரலில் அந்த இடத்தில் இருக்கிற கட்டளையை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்னும் கட்டளையை எழுதிவைக்கிறது. இன்டெல் சில்லில் அது ஒரே பைட்: சிசி. ஏன் ஒரு பைட் என்றால், அந்தச் சில்லின் மிகச் சிறிய கட்டளை ஒரு பைட் நீளம். அதைவிடப் பெரிதாக இருந்தால் அடுத்த கட்டளையின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். சில் அந்த பைட்டை மிதித்ததும் நின்று டிபக்கரைக் கூப்பிடும். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னால், டிபக்கர் பழைய கட்டளையைத் திருப்பி வைத்து, ஓரடி நடக்கவிட்டு, மறுபடி 'நில்'லை எழுதும். வந்த சுவடு தெரியாது.

ஆக, நிறுத்துவதற்கு ஓர் இடம் வேண்டும். இடம் என்றால் முகவரி வேண்டும். ஆனால் கம்பைலர் இருக்கிறதே, அது சிக்கனக்காரன் வீட்டுச் சம்சாரி. ஒன்றும் செய்யாத ஃபங்ஷனைக் கண்டால், இது எதற்கு என்று அழைப்பையே வெட்டிவிடும். அதனால் ரன்டைமை எழுதியவர்கள் மூன்று காப்புக் கட்டியிருக்கிறார்கள். இதை அழைத்தவரின் உடம்புக்குள் கரைத்துவிடாதே என்று ஒன்று. யாரும் பயன்படுத்தாத மாதிரி தெரிந்தாலும் தூக்கி எறியாதே என்று ஒன்று. மூன்றாவதுதான் அழகு: ஃபங்ஷனின் உள்ளே அசெம்பிளி மொழியில் ஒரு வெற்றுச் சரம். இரண்டு மேற்கோள் குறிகள், நடுவே எதுவும் இல்லை. அசெம்பிளி என்றால் தனக்குத் தெரியாத ஏதோ நடக்கிறது என்று கம்பைலர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். உண்மையில் அங்கே எதுவும் நடப்பதில்லை. இந்த மூன்றையும் சேர்த்து, 'பிரேக்பாயின்ட் ஃபங்ஷன்' என்று பெயரிட்டு ஓர் அச்சாக வார்த்து வைத்திருக்கிறார்கள். வேண்டிய இடத்தில் எல்லாம் அதிலிருந்து ஒன்று வார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணை உண்டு. வீட்டுக்காரருக்குத் திண்ணையால் பெரிய உபயோகம் இல்லை. அவருக்கு உள்ளே கூடம் இருக்கிறது. வழியில் போகிற யாரோ ஒருவருக்கு உட்கார இடம் வேண்டுமே என்று கல்லும் சுண்ணாம்பும் செலவழித்துக் கட்டியது அது. வரப்போகிறவர் யார் என்று தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. தூணை மட்டும் வழவழவென்று கடைந்து வைத்திருப்பார்கள். அந்த வெற்று ஃபங்ஷனைப் பார்க்கும்போது எனக்குத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. யாரோ ஒருவர், எங்கோ கலிஃபோர்னியாவில், நான் ஒரு நாள் வருவேன் என்று கட்டி வைத்தது.

வெற்றிடம் என்றேனே, முழுக்க வெறுங்கை இல்லை. அந்த ஃபங்ஷனுக்கு ஒரே ஓர் உள்ளீடு உண்டு: கசிகிற அந்த ஆப்ஜெக்ட். ஃபங்ஷன் அதை வைத்து ஒன்றும் செய்வதில்லை, ஆனாலும் வாங்கிக்கொள்கிறது. ஏன்? நீங்கள் அங்கே நிற்கும்போது, சில்லில் முதல் உள்ளீட்டுக்கென்று உள்ள ரெஜிஸ்டரில் அது தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. எல்எல்டிபி டிபக்கரில் 'முதல் உள்ளீட்டைச் சொல்' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஆப்ஜெக்ட் தன்னை யார் என்று சொல்லும். என்னுடையது சொன்னது: டேட்டா வகை, 4096 பைட், உள்ளே ஒலியின் எண்கள்.

அடுத்தது வந்த வழி. இதைப் பின்தடம் என்று சொல்லலாம். மேலே நிற்பது வெற்று ஃபங்ஷன். அதைக் கூப்பிட்டது ரன்டைம். அதைக் கூப்பிட்டது ஆட்டோரிலீஸ். அதைக் கூப்பிட்டது டேட்டா செய்கிற ஃபங்ஷன். அதற்குக் கீழே ஆறாவது படியில், நான் எழுதிய கோப்பு, வரி எண்ணோடு. அதற்கும் கீழே சி லைப்ரரியின் த்ரெட் தொடக்கம். எங்கும் ஒரு பூல் விரிக்கப்படவில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. இதைப் படிக்கக் கீழிருந்து மேலாகப் போக வேண்டும் என்று பையனுக்குச் சொன்னேன். பூர்வீகம் கேட்கிற மாதிரி: தாத்தா யார், அவர் மகன் யார், இவன் யார்.

பூலைக் குளம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். உள்ளே திறந்து பார்த்தால் அது அடுக்கி வைத்த பாயின்டர்களின் வரிசை, அவ்வளவே. 4096 பைட் கொண்ட பக்கங்கள், ஒன்றின் வாலில் ஒன்று கோத்தவை. தலைப்பு 56 பைட் போக, ஒரு பக்கத்தில் 505 இடம். புதிதாகப் பூல் விரி என்று சொன்னால் என்ன செய்கிறது தெரியுமா? வரிசையில் ஒரு பூஜ்யத்தை எழுதுகிறது. அதுதான் எல்லைக்கல். எந்த ஆப்ஜெக்டின் முகவரியும் பூஜ்யமாக இருக்க முடியாது என்பதால், வேறு அடையாளமே தேவையில்லை. பூலை வடி என்றால், மேலிருந்து ஒவ்வொன்றாக ரிலீஸ் செய்துகொண்டே அந்தப் பூஜ்யம் வரும்வரை இறங்கும். பூலுக்குள் பூல் என்று எத்தனை வைத்தாலும் தனித்தனிப் பாத்திரம் கிடையாது; ஒரே வயலில் வரப்பு மட்டும் கூடுகிறது. ஒன்றுமில்லாததை எல்லையாக வைத்த இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் நெற்றியிலும் 16 பைட் முத்திரை உண்டு. முதல் நான்கும் ஏ1 ஏ1 ஏ1 ஏ1. அடுத்த பன்னிரண்டில் ஆங்கிலத்தில் 'ஆட்டோரிலீஸ்' என்று எழுதி, வியப்புக்குறி போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பதினோரு எழுத்து. ஓர் இடம் மிஞ்சியது, அங்கே வியப்புக்குறி! இடம் நிரப்ப வந்ததுதான், ஆனால் உற்சாகமாக வந்திருக்கிறது. மெமரியைப் பச்சையாக விரித்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு, எண்காட்டின் நடுவே அந்தச் சொல் ஊர்ப்பலகை மாதிரி தெரியும். முத்திரை கலைந்திருந்தால், யாரோ அத்துமீறி எழுதிவிட்டார்கள் என்று ரன்டைம் கண்டுகொள்ளும். ரிலீஸ் ஆகிப்போன இடங்களில் ஏ3 என்று நிரப்பி வைக்கிறது. அதுவும் டிபக்கர் வழியாகப் பார்க்க வருகிறவருக்கான குறிப்பு.

குறிப்பு என்றதும் இன்னொரு கருவியைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆப்பில் இரண்டாவது ஒரு நோயும் இருந்தது, முதலாவதற்கு நேர்மாறு. ஓர் இடத்தில் ஒரு ரிலீஸ் கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. பிடிக்காததை விடுவது. அதற்கு வருகிற எச்சரிக்கை வேறு: ஒதுக்காத பாயின்டரை விடுவிக்கிறாய், 'மாலாக் எர்ரர் பிரேக்'கில் பிரேக்பாயின்ட் வை. இங்கேயும் அதே பண்பாடு, எங்கே நிற்பது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த நோயைத் துரத்த ஆப்பிள் கணினியில் 'ஸ்கிரிபிள்' என்றொரு வசதி உண்டு. புதிதாக ஒதுக்கிய மெமரியை ஏஏ என்னும் பைட்டால் நிரப்பும். விடுவித்த மெமரியை 55 என்னும் பைட்டால் நிரப்பும். விட்டபிறகும் யாராவது அதைத் தொட்டால் 55 55 55 என்று அர்த்தமில்லாத முகவரிக்குப் போய் உடனே விழுவார்கள்; என்றோ எங்கோ விழாமல், இன்றே இங்கேயே.

ஏன் ஏஏ, ஏன் 55? பதினாறடிமான எண்களான இவற்றை இரும எண்ணாக எழுதிப் பாருங்கள். ஏஏ என்றால் 10101010. 55 என்றால் 01010101. ஒன்று இருந்த இடத்தில் எல்லாம் பூஜ்யம், பூஜ்யம் இருந்த இடத்தில் எல்லாம் ஒன்று. பிறப்பும் இறப்பும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக எதிர். பள்ளிக்கூடத்து விடைத்தாளாக இருந்தால் 'முரண் தொடை' என்று கோடிட்டு எழுதியிருப்பேன்.

இதைப் பார்த்த இரவு எனக்கு எங்கள் ஊர்ப் புத்தகம் ஒன்று நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று காலமானது எட்டயபுரத்தில்; அவர் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1839இல் பிறந்து, இந்தச் சமஸ்தானத்து வித்துவானாக வாழ்ந்தவர். 1904இல், தன் 65ஆம் வயதில், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெரும் நூலை வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில், இதே எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சானது. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாதெமி அதைத் தமிழில் கொண்டுவந்தது.

அந்த நூலின் உயிர் கமகக் குறிகளில் இருக்கிறது. சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டு கிடைக்காது. சுரம் எப்படி அசைகிறது, எங்கே அழுந்துகிறது, எப்படி வழுக்குகிறது என்பதுதான் பாட்டு. சுப்பராம தீட்சிதர் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு குறி வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு அதையே கீழ்நோக்கி. ஏறிப்போகும்போது இரட்டைச் சுரத்தில் இரண்டாவதை அழுத்தித் தொடுகிற ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி: மேலே ஒன்று, கீழே இரண்டு. இறங்கிவரும்போது அதற்கு இணையாக வருகிற பிரத்யாகதத்துக்கும் மூன்று புள்ளிதான், ஆனால் தலைகீழாக: மேலே இரண்டு, கீழே ஒன்று.

ஏஏயும் 55உம் எனக்கு ஏன் பழகிய முகமாகத் தெரிந்தன என்று அப்போது புரிந்தது. அசைவு எதிர்த் திசை என்றால் குறியும் எதிர்த் திசை. படிக்கிறவன் இரண்டு குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றைத் தெரிந்துகொண்டால் இன்னொன்று தானே வரும். தன் குரலை ஒருபோதும் கேட்கப்போகாத ஒரு மாணவனுக்காக அந்தப் பெரியவர் ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் புள்ளி வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மெமரியில் ஏஏ நிரப்புகிற மனம் அந்த மனத்துக்கு உறவு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கூடுதல் ரிலீஸைப் பிடித்தது 'ஜாம்பி' என்னும் ஏற்பாடு. செத்த ஆப்ஜெக்டைக் கலைக்காமல் அப்படியே நிறுத்தி, அதன் வகைப்பெயருக்கு முன்னால் ஜாம்பி என்று அடைமொழி ஒட்டிவைக்கும். பிறகு யார் அதைக் கூப்பிட்டாலும், கலைக்கப்பட்ட ஆப்ஜெக்டுக்குச் செய்தி அனுப்பினாய் என்று, வகையின் பெயரோடும் அனுப்பிய செய்தியின் பெயரோடும் கன்சோலில் எழுதிவிட்டு நிறுத்தும். பத்து நிமிடத்தில் முடிந்த வேலை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கம்பைலரே ரீடெயின் ரிலீஸ் எழுதுகிற புதிய முறையில் வந்த ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறவர் ஆட்டோரிலீஸ் செய்கிறார். வாங்குகிறவர் உடனே ரீடெயின் செய்கிறார். இரண்டும் சேர்ந்தால் வீண் வேலை: பூலில் எழுதி, பிறகு அடித்து. வாங்குகிறவர் எப்படியும் பிடித்துக்கொள்வார் என்று தருகிறவருக்கு முன்பே தெரிந்தால் பூலுக்கே போக வேண்டாம். எப்படித் தெரிவிப்பது? ஐபோனின் 64-பிட் ஆர்ம் சில்லுக்காக, வாங்குகிறவரின் நிரலில், அழைப்பு முடிந்து திரும்புகிற இடத்தில் கம்பைலர் ஒரு கட்டளையை வைத்தது: 29ஆம் ரெஜிஸ்டரில் இருப்பதை 29ஆம் ரெஜிஸ்டருக்கே மாற்று. எதுவும் மாறாது. தருகிற பக்கத்து ரன்டைம், தான் திரும்பப் போகவேண்டிய முகவரியில் இந்தக் கட்டளை நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கும். நின்றால், சரி, இவர் பிடித்துக்கொள்வார் என்று நேராகக் கையில் கொடுத்துவிடும். பந்தியில் பரிமாறுகிறவரும் சமையல்கட்டில் நிற்பவரும் பேசாமலே புருவத்தால் பேசிக்கொள்வார்களே, அது. 2022இல் ஆப்பிள் இந்த அடையாளக் கட்டளை இல்லாமலே அதே வேலையைச் செய்கிற வழிக்கு மாறியது. புது வழி சிக்கனமானது, வேகமானது. இருந்தாலும் டிபக்கரில் பழைய ஆப்பைத் திறந்து, தன்னைத் தானே தொட்டுக்கொண்டு நிற்கிற அந்தக் கட்டளையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறேன்.

ஆப்பிளை விட்டு வெளியே போனாலும் இந்தக் கண்ணியம் கிடைக்கிறது. லினக்ஸில் வால்கிரைண்ட் என்று ஒரு கருவி, 2002 முதல் புழக்கத்தில் உள்ளது. நிரலை அது பத்து மடங்கிலிருந்து ஐம்பது மடங்குவரை மெதுவாக்கும், ஆனால் தொலைந்த மெமரியை எல்லாம் ஒரே கூடையில் போடாது. நிச்சயமாகத் தொலைந்தது, தொலைந்ததன் வழியாகத் தொலைந்தது, தொலைந்திருக்கலாம், இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும். இன்னும் மதிப்பு எழுதாத மெமரியை ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுத்தால் அது வாய் திறக்காது. நகலெடுப்பதில் தீங்கில்லை. அந்த மதிப்பை நம்பி ஒரு முடிவு எடுக்கும்போதுதான், இப்படிப் போவதா அப்படிப் போவதா என்று நிரல் கிளை பிரியும்போதுதான், குறுக்கே வந்து சொல்லும். குற்றம் எது, குற்றம் போலத் தெரிவது எது என்று பிரித்தறிகிற கருவி அபூர்வம்.

என் ஆப்புக்குத் தேவைப்பட்டது ஒலி த்ரெடின் அழைப்பைச் சுற்றி ஒரு பூல் விரிப்பு. திறக்கும் அடைப்புக்குறி ஒரு வரி, மூடும் அடைப்புக்குறி ஒரு வரி. ஒவ்வொரு துண்டும் வந்து வேலை முடிந்ததும் பூல் வடிந்துவிடும். மாலையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு மணி நேரப் பதிவு, பையனும் கூடவே இருந்து கேட்டான். தொடக்கத்தில் 90 எம்பி. மங்களத்தில் 92.

ஆப் எழுதுகிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிரலில் எச்சரிக்கை எழுத வேண்டிய இடம் எப்படியும் வரும். 'ஏதோ தவறு நடந்தது' என்று எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள். எதில், எதனால் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு வெற்று ஃபங்ஷன் வைத்து, சந்தேகப்படுகிற ஆப்ஜெக்டை அதன் கையில் கொடுங்கள். கம்பைலர் வெட்டிவிடாதபடி உள்ளே அந்த வெற்று அசெம்பிளிச் சரத்தைப் போடுங்கள். அதன் பெயரை எச்சரிக்கையின் கடைசியில் சேருங்கள். ஐந்து வரிகூட வராது.